நாலு மூலைக்கு நாலு பொட்டுக் கோந்து

எங்கள் பள்ளியில் யாரைக் கௌரவிப்பதாக இருந்தாலும் முதலில் தீர்ந்துபோவது என்னுடைய கோந்துதான். தாளாளருக்குப் பிறந்தநாளா, கோந்து. யாரோ ஒரு பிள்ளை நூறு மார்க் வாங்கிவிட்டதா, அதற்கும் கோந்து. நான் இங்கே டிராயிங் டீச்சர். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கோந்து மிஸ். எனக்குத் தெரியாமல் சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியும், பிடித்தும் இருக்கிறது. ஆனால் ஒரு பருவத்துக்கு ஆபீஸிலிருந்து எனக்கு வருவது இரண்டே பாட்டில். முன்னூறு பிள்ளைகளின் கைவேலைக்கு இரண்டு பாட்டில்! அதனால் எந்தப் படத்தையும் நான் முழுக்கத் தடவி ஒட்டியதே கிடையாது. நாலு மூலைக்கு நாலு பொட்டு, அவ்வளவுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த முறை கௌரவம் ரிசர்வ் வீரர்களுக்கு. ரிசர்வ் வீரர் என்றால் முழுநேரச் சிப்பாய் இல்லை. நம்மைப் போலவே வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டு வாடகைக்கு முழி பிதுங்கிக்கொண்டு இருப்பவர்தான். அழைப்பு வந்தால் மட்டும் போட்டது போட்டபடி சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவர்களைப் போற்றுவதற்காக மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. ஒரு வாரம், ஏழு வகுப்பறைச் செயல்பாடுகள். நன்றி அட்டை, வண்ணம் தீட்ட ஒரு தொப்பிப் படம், தெரிந்த வீரரிடம் ஐந்து கேள்வி, கடைசி நாள் மேடையில் யாரும் உட்காராத ஒரு காலி நாற்காலி. மிச்சமெல்லாம் கைதட்டுகிற வகை.

பெரிய மிஸ், அதாவது எங்கள் தலைமை ஆசிரியை, சுற்றறிக்கையை என் கையில் திணித்தார். "எல்லாமே வெட்டறது, ஒட்டறதுதான் மிஸ். நீங்களே பாத்துக்கோங்க" என்றார். கோந்து எத்தனை பாட்டில் தருவார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாலாம் வகுப்பில் ஆரம்பித்தேன். அங்கே டிப்போ என்று ஒருத்தி இருக்கிறாள். அந்தப் பெயரை வைத்தது நான்தான். பஸ்ஸைத் தவிர எதையும் வரைய மாட்டாள். ஆப்பிள் வரையச் சொன்னால் ஆப்பிள் ஏற்றிப்போகும் பஸ்ஸை வரைவாள். நன்றி அட்டைக்குத் தாளை மடித்துக் கொடுத்ததும் முதலில் கை தூக்கியது அவள்தான்.

"யாருக்கு மிஸ் எழுதணும்?"

"உனக்குத் தெரிஞ்ச ரிசர்வ் வீரர் யாராவது இருந்தா அவருக்கு."

"மூணாம் நம்பர் மாமா!" என்றாள், யோசிக்கவே இல்லாமல்.

வகுப்பே கலகலவென்று ஆகிவிட்டது. "நானும் அவருக்குத்தான் மிஸ்", "நானும் மிஸ்" என்று மூன்றாம் நம்பர் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பத்தொன்பது பேர்.

மூன்றாம் நம்பர் மாமா எங்கள் பள்ளி பஸ் டிரைவர். ஒன்பது வருஷம் ஓட்டினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறிய பிள்ளை உட்கார்ந்த பிறகு, திரும்பிப் பார்த்து, "பை மடியில, கை உள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். வளைவில் எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும் என்று அதன் அம்மாவுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன் அழைப்பு வந்து போனார். மூன்று வாரத்துக்கு முன் முகம் கறுத்து, கன்னம் ஒட்டித் திரும்பி வந்தார். ஒரு நாள் ஆபீஸ் வாசலில் நின்றார், போனார். பஸ்ஸை இன்னமும் புது ஆள்தான் ஓட்டுகிறான், கதவு மூடுவதற்குள் வண்டியை நகர்த்துகிறவன். ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். மூன்று வாரம் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தவள்தான் நானும்.

பத்தொன்பது அட்டைகளையும் எடுத்துக்கொண்டு பெரிய மிஸ் அறைக்குப் போனேன். அவர் இரண்டைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றில், "மாமா, பை மடியில, கை உள்ள. நீங்க எப்ப வருவீங்க?" என்று எழுதியிருந்தது.

"இவருக்கா? இவரு இப்ப நம்ம ஸ்டாஃப் இல்லியே மிஸ்."

"ஏன் மிஸ்?"

"சொல்லாம கொள்ளாம நின்னுட்டாரு. ஆபீஸ்ல ஒரு துண்டுச் சீட்டு இல்ல. முன்னாடியே எழுதிக் குடுத்திருந்தா வேலைய வெச்சிருக்கணும்னு ரூல் இருக்கு, எனக்குத் தெரியாதா? குடுக்கல. வேற ஆள் போட்டாச்சு."

"மிலிட்டரிக்குத்தான மிஸ் போனாரு?"

"போனாரு, யாரு இல்லேன்னா? சொல்லிட்டுப் போகணும்ல?" அட்டைகளை என் பக்கம் தள்ளினார். "பேரு எல்லாம் வேணாம். அன்புள்ள வீரருக்குன்னு பொதுவா மாத்தி எழுதச் சொல்லுங்க."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். வேலையைப் பிடுங்கிக்கொண்டு, அவருக்கே நன்றி அட்டை. அதையும் நான் ஒட்டித் தர வேண்டும், இரண்டு பாட்டில் கோந்தில்.

அன்று சாயங்காலமே அவரைத் தேடிப் போனேன். லாரி கழுவும் இடத்தில் இருந்தார். முட்டி வரை ரப்பர் பூட்ஸ், கையில் தண்ணீர்க் குழாய். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, நீங்க சொல்லாம போனதா பெரிய மிஸ் சொல்றாங்க."

"எழுதிக் குடுத்தேன் மிஸ். ஆபீஸ்ல முத்திரை சார்தான் வாங்கினாரு. சீல் குத்தி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டாரு. போயிட்டு வாப்பா, வேலை எங்க ஓடிடப் போகுதுன்னு சொன்னாரு."

"அந்தக் காப்பி எங்க?"

"காப்பி ஏது? எழுதினதே ஒண்ணுதான். சீல் குத்தினதையும் அவர்கிட்டயே குடுத்துட்டு வந்துட்டேன்." தலையில் அடித்துக்கொள்வதுபோல் கையைத் தூக்கி, பாதியிலேயே இறக்கிக்கொண்டார். "மறுநாள் காலையில ஆஜராகணும். வீட்ல அவளுக்குக் காய்ச்சல். காப்பி எடுக்கணும்னு யாருக்கு மிஸ் தோணும்? இப்ப கேட்டா அவருக்கு ஞாபகம் இல்லியாம்."

"வெள்ளிக்கிழமை விழாவுக்கு வாங்கண்ணே. பிள்ளைங்க பத்தொன்பது பேரு உங்களுக்கு எழுதியிருக்காங்க."

அவர் சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "எனக்குப் பூச்செண்டு வேணாம் மிஸ். வண்டிச் சாவி குடுத்தாப் போதும்."

முத்திரை சார் எங்கள் ஆபீஸ் கிளார்க். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் சீல் குத்திவிடுவார். அம்மை போட்ட பிள்ளையின் லீவு லெட்டருக்குச் சீல், குழாய் ஒழுகுகிறது என்ற புகாருக்குச் சீல். கோந்து கேட்டு நான் எழுதிய கடிதத்தில் ஒரு தடவை மூன்று சீல் இருந்தன, கோந்து மட்டும் வரவில்லை. குத்திய காகிதம் எல்லாம் மேசை ஓரத்துத் தட்டில் சேரும். தட்டு நிரம்பினால் சணலால் கட்டி, "இந்தாங்க மிஸ், ஒரு பக்கம் சும்மாதான கிடக்கு" என்று எனக்கு அனுப்பிவிடுவார். எங்கள் பள்ளியில் டிராயிங் வகுப்புக்குத் தாள் வாங்குவது என்ற பழக்கமே கிடையாது. பிள்ளைகள் இத்தனை வருஷமாக மின்சார பில்லின் முதுகில்தான் பூக்கள் வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இது எனக்கு உறைத்தது. நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர், "வீட்ல சொல்லிட்டு வந்தியாம்மா?" என்று திட்டிக்கொண்டே போனார்.

மறுநாள் என் அலமாரியைக் கவிழ்த்தேன். நான் எதையும் தூக்கிப் போடாதவள். பதினொரு கட்டு இருந்தது. இரண்டு பீரியட், மதியச் சாப்பாட்டு நேரம், எல்லாம் போயிற்று. குழாய்ப் புகார் ஒன்பது கிடைத்தது, டிரைவரின் கடிதம் கிடைக்கவில்லை. அப்படியானால் ஏதோ ஒரு பிள்ளை அதில் வரைந்து முடித்திருக்க வேண்டும். வரைந்ததை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் போச்சு.

நாலாம் வகுப்புக்குப் போய்ச் சும்மா கேட்டுவைத்தேன். "படம் வரையற தாள்ல பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு யாராவது படிப்பீங்களா?"

"நான் படிப்பேன் மிஸ்" என்றாள் டிப்போ. "ஒண்ணுல மூணாம் நம்பர் மாமா பேரு இருந்துச்சு. அதனாலதான் அதுல மூணாம் நம்பர் வரைஞ்சேன். மாமாவையும் சீட்ல உக்கார வெச்சேன்."

"அது எங்கடி இப்ப?"

"நீங்கதான மிஸ் ஒட்டினீங்க? ஆபீஸுக்கு எதிர்ல."

ஓடினேன். நாற்பத்தாறு வயதில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளித் தாழ்வாரத்தில் ஓடினேன். ஆபீஸுக்கு எதிரே, என் ஓவியப் பலகையின் நட்டநடுவில் இருந்தது அந்த மஞ்சள் பஸ். ஜன்னலில் மீசையோடு ஒரு டிரைவர். பெரிய மிஸ் தினம் பத்துத் தடவை கடந்துபோகும் பலகை. முத்திரை சார் தலை நிமிர்ந்தால் கண்ணில் படும் பலகை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஏழு மாதமாகக் கடிதம் ஆபீஸ் எதிரிலேயே முகத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு தொங்கியிருக்கிறது. ஒட்டியது யார்? நான். பின்பக்கத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருப்பேனா? இல்லை. முத்திரை சாரைத் திட்ட வாயெடுத்தவள் பாதியை விழுங்கிக்கொண்டேன்.

டிப்போ என் பின்னாலேயே வந்திருந்தாள்.

"உன் படத்தைக் கழட்டட்டுமா? மூலை கிழிஞ்சாலும் கிழியும்" என்றேன்.

"மாமாவுக்கா மிஸ்? கழட்டுங்க. நான் வேற பஸ் வரைஞ்சுக்கறேன்."

இரும்பு ஸ்கேலை மெல்லச் செருகினேன். முழுக்கத் தடவி ஒட்டியிருந்தால் கடிதம் நார்நாராகத்தான் வந்திருக்கும். ஆனால் இரண்டு பாட்டில் கோந்துப் பள்ளிக்கூடம் அல்லவா இது! நாலு மூலையில் நாலு பொட்டு. மூலைகள் பலகையிலேயே தங்கின, மற்றதெல்லாம் சேதமில்லாமல் கையில் வந்தது. அவர்கள் கஞ்சத்தனம் அவர்கள் தொலைத்ததைக் காப்பாற்றி வைத்திருந்தது.

திருப்பிப் படித்தேன். "மதிப்பிற்குரிய அம்மா, எனக்கு ரிசர்வ் அழைப்பு வந்துள்ளது. நாளை முதல் போகிறேன். திரும்பி வரும்வரை என் வேலையை வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வண்டியின் இடது பின் டயரில் காற்று இறங்குகிறது, பிள்ளைகள் ஏறுமுன் பார்க்கச் சொல்லவும்." கீழே அவர் பெயர், ஊதா வட்டத்தில் 'பெறப்பட்டது', தேதி, தூண்டில் முள் மாதிரி வளைந்த முத்திரை சாரின் கையெழுத்து. டயர் வரியைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. போருக்குக் கிளம்புகிறவன் டயரை நினைத்திருக்கிறான்.

முதலில் கடைக்குப் போய் ஐந்து நகல் எடுத்தேன். பட்டால்தானே புத்தி வரும். பிறகுதான் பெரிய மிஸ் அறைக்குப் போனேன். அவர் படித்தார். படித்துவிட்டுச் சீலை விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்க கிடைச்சுது?"

"உங்க ரூமுக்கு எதிர்ல மிஸ்."

"சரி, குடுங்க. ஃபைல்ல வெச்சுக்கறேன். விழா முடியட்டும், அப்புறமா பேசலாம்."

"ஒரு தடவ ஃபைல்ல வெச்சது போதும் மிஸ்" என்று மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இன்னும் தற்காலிகப் போஸ்ட்லதான் இருக்கீங்க. ஞாபகம் இருக்கா?"

"பதினாலு வருஷமா இருக்கு மிஸ்."

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நான் ஒன்றும் வீராங்கனை இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும், வீட்டில் படிக்கிற மகன் இருக்கிறான். ஆனால் 'விழா முடியட்டும்' என்றாரே, அதுதான் என்னை உசுப்பிவிட்டது. விழா முடிந்தால் கௌரவம் முடிந்தது, காலி நாற்காலியை மடித்து ஸ்டோர் ரூமில் போட்டுவிடுவார்கள், கடிதத்தையும் சேர்த்துத்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேடையில் வெள்ளைத்துணி போர்த்திய காலி நாற்காலி, அதன்மேல் நான் அட்டையில் வெட்டிச் செய்த தொப்பி. சிறப்பு விருந்தினர் ஒரு ரிசர்வ் அதிகாரி, மற்ற நாளில் பல் டாக்டர். பெற்றோர் வரிசைக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, இஸ்திரி போட்ட சட்டையில் மூன்றாம் நம்பர் அண்ணன் நின்றார். வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

நிகழ்ச்சி நிரல்படி டிப்போ மேடைக்கு வந்து ஒரு நன்றி அட்டை வாசிக்க வேண்டும். கடிதத்தை அவள் கையில் கொடுத்திருந்தால் கணீரென்று வாசித்திருப்பாள். எனக்கு மனசு வரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் தோளில் துப்பாக்கியை வைத்துச் சுட நான் யார்? வேலை போனால் என்னுடையது போகட்டும்.

"தங்கள் வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு நமக்காகப் போகிறவர்கள்..." என்று பெரிய மிஸ் பேசி முடித்து, அட்டை வாசிக்கும் பிள்ளையை அழைக்க மைக்கை என்னிடம் தந்தார். நான் அழைக்கவில்லை.

"இந்த நாற்காலி ஏன் காலியா இருக்குன்னு பிள்ளைங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தோம்" என்றேன். "போனவரு திரும்பி வர்ற வரைக்கும் அவரு இடத்தை வெச்சிருக்கோம்னு அர்த்தம். நம்ம ஸ்கூல்லயே ஒருத்தர் போயிட்டுத் திரும்பி வந்துட்டாரு. அதோ, பின்னாடி நிக்கறாரு. அவரு இடத்துல வேற ஆள் உக்காந்திருக்கு. சொல்லாம போனாருன்னு சொல்றாங்க. அவரு சொன்னத இப்ப வாசிக்கிறேன்."

வாசித்தேன், சீலில் இருந்த தேதியையும் சேர்த்து. நாலு வரிதானே, அரை நிமிஷம் ஆகவில்லை. டயர் வரி வந்தபோது பெற்றோர் வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். பெரிய மிஸ் மைக்குக்குக் கை நீட்டினார். "இதெல்லாம் எப்ப எழுதினதோ, விசாரிக்கணும்..." என்று விருந்தினரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

முத்திரை சார் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து இறங்கி நேரே அவர் முன்னால் கடிதத்தை நீட்டினேன்.

"சார், இது உங்க சீல்தானா?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பெரிய மிஸ்ஸைப் பார்த்தார். மறுபடி சீலைப் பார்த்தார். அந்த மனுஷருக்கு வாழ்க்கையில் பெருமை என்று இருப்பது அந்த ஒன்றுதான். அதை எப்படி இல்லை என்பார்? மெல்ல எழுந்து நின்றார்.

"என் சீல்தான். தேதியும் நான் போட்டதுதான்" என்றார். பிறகு பின்பக்கம் திரும்பி, "மறந்துட்டேம்ப்பா. தப்பு என்னோடது" என்றார். அவர் தேடியே பார்க்கவில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. ஆனாலும் அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

பல் டாக்டர் மேடையில் எழுந்து, "அந்தத் தேதி எனக்கும் ஞாபகம் இருக்கு. நானும் அதுக்கு மறுநாள்தான் கிளம்பினேன். என் க்ளினிக்கை யாரும் எடுத்துக்கல, ஏன்னா அது என் சொந்த க்ளினிக்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை, தனக்குப் போர்த்தியிருந்த பொன்னாடையைக் கழற்றி மடித்து அந்தக் காலி நாற்காலி மேல் வைத்தார். அதற்குள் பத்தொன்பது பிள்ளைகள் எழுந்து பின்பக்கம் திரும்பி நின்றுவிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதுகை மேடைக்குக் காட்டிக்கொண்டு கைதட்டினார்கள்.

பெரிய மிஸ்ஸுக்கு வேறு வழி இல்லை. "திங்கக்கிழமை வண்டிய எடுங்க" என்றார் மைக்கில். கைதட்டல் இன்னும் பலமானது. எல்லாம் சுபம் என்று நானே நினைத்துவிட்டேன்.

மூன்றாம் நம்பர் அண்ணன் கைதட்டவில்லை, கும்பிடவும் இல்லை. நடுவழியில் நடந்து வந்து மேடைக்குக் கீழே நின்றார்.

"எழுதிக் குடுங்க மிஸ்" என்றார். "ரெண்டு காப்பி."

பெரிய மிஸ் அங்கேயே எழுதினார், இரண்டு தடவை. முத்திரை சார் ஆபீஸுக்கு ஓடிப்போய்ச் சீலைக் கொண்டுவந்து இரண்டிலும் குத்தினார். அண்ணன் ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றொன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பட்டனையும் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை மூன்றாம் நம்பர் பஸ் ஏழு நிமிஷம் தாமதமாக வந்தது. இடது பின் டயரை மாற்றினாராம். அன்றைக்கே எனக்கு மெமோ வந்தது. அனுமதியின்றி மேடையில் பேசி நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்காக உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, மூன்று நாளில் விளக்கம் தரவும். சீல் இருந்தது. ஒரே ஒரு சீல்தான்.

என் சொந்தக் காசில் ஒரு பெரிய பாட்டில் கோந்து வாங்கினேன். ஆபீஸுக்கு எதிரே, மஞ்சள் பஸ் இருந்த இடத்தில், நாலு மூலைத் துணுக்குகளுக்கு நடுவே அந்த மெமோவை ஒட்டினேன், எழுத்து வெளியே தெரியும்படி. இந்தத் தடவை பொட்டு வைக்கவில்லை. முழுக்கத் தடவினேன்.